சந்தனம் வச்ச பிளாப்பியும் கெங்கம்மாள் தூக்குச்சட்டியும்

அன்னைக்கு வேலை ரொம்பச் சின்னது. மூணு தாள் பிரிண்ட் எடுக்கணும், பாத்திரக்கடைக்குக் குடுத்து விடணும். அவ்வளவுதான்.

பிளாப்பி காலம் அது. கோவில்பட்டியில் எங்க வீட்டுக்காரருக்குத் தீப்பெட்டி ஆபீஸ். பேக்டரின்னு கான்வென்டில் படிச்ச நான் ஒருத்திதான் சொல்வேன், ஊர் முழுக்க ஆபீஸ்தான். வேலைக்கு வர்ற பெண்கள் மூணு கூட்டம். இடைசெவல் வேனில் ஒரு கூட்டம், பசுவந்தனை வேனில் ஒரு கூட்டம், டவுனிலேயே இருந்து நடந்து வர்றவங்க ஒரு கூட்டம்.

வருஷா வருஷம் தீபாவளிக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் பாத்திரம் குடுப்போம். அந்த வருஷம் தூக்குச்சட்டி. எல்லாச் சட்டியும் ஒரே மாதிரி இருந்தா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யார் கஞ்சியை யார் குடிக்கிறதுன்னு சண்டை வரும், அதனால ஆளுக்கு அவங்கவங்க பேரை வெட்டிக் குடுப்போம்னு நான்தான் சொன்னேன். ஆபீஸ் பேரை மட்டும் வெட்டினா போதும்னு அவர் சொன்னார். நான் கேக்கலை. அவர் சொல்லி நான் கேட்டிருந்தா இந்தக் கதையே இல்லை.

விஷயம் பரவினதும் முதல் ஆளா என்னைத் தேடி வந்தது பசுவந்தனை வேனில் வர்ற சீனியம்மாள். குச்சி அடைக்கிறவள். அதிகம் பேசமாட்டாள். அன்னைக்குப் பேசினாள். கூட்டுக் குடும்பமாம். வீட்டில் இருக்கிற பாத்திரத்தில் பாதி மாமியார் பேரில், மீதி வீட்டுக்காரர் பேரில். கொழுந்தன் பொண்டாட்டி வேணுங்கிறதை எடுத்துக்கிட்டு, "இதென்ன ஒம்பேரா போட்டிருக்கு?"ன்னு கேப்பாளாம். இவளும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளாம், இருக்காதாம்.

"சீனியம்மாள்னு எம்பேரை மட்டும் வெட்டச் சொல்லுங்கக்கா. அவிய பேரு, மாமியா பேரு ஒன்னும் வேண்டாம்."

அதுக்கென்ன, பெரிய விஷயமா, நானே பார்த்துச் செய்யுறேன்னு வாக்குக் குடுத்தேன். சும்மா இல்லை, அவ கையைப் பிடிச்சுக் குடுத்தேன்.

இப்போ என் கம்ப்யூட்டர் ஞானத்தைப் பத்திச் சொல்லணும். அந்த வருஷம்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த ஒரு சென்டரில் மூணு மாச கோர்ஸ் படிச்சு முடிச்சிருந்தேன். கிளாஸில் எல்லாரும் காலேஜ் பிள்ளைங்க. முதல் நாள் நான் உள்ளே போனதும் எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க, டீச்சர்னு நினைச்சு. நானும் உக்காருங்கன்னு கையைக் காட்டிட்டுத்தான் கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

கோர்ஸ் முடியுற நேரத்தில் எக்செலில் மேக்ரோ சொல்லிக் குடுத்தாங்க. திரும்பத் திரும்பச் செய்யுற ஒரு வேலையை வரிசையா எழுதி வச்சிட்டா, ஒரு பட்டனைத் தட்டினதும் அதே வரிசையில் தானா செய்யும். சொன்ன வேலையை மறுபேச்சு இல்லாமச் செய்யுற ஒரு ஜீவனை என் வாழ்க்கையில் அன்னைக்குத்தான் பார்த்தேன். விடுவேனா.

ஊருக்கு ஒரு பைலா பேரெல்லாம் டைப் பண்ணி, பைலுக்கு ஒரு பிளாப்பியில் வச்சேன். மூணையும் ஒரே பிளாப்பியில் போட்டிருக்கலாம். ஆனா நான் உளுந்துக்கும் உளுத்தம்பருப்புக்கும் தனித்தனி டப்பா வைக்கிற பொம்பளை. அப்புறம் மேக்ரோ எழுதினேன். இந்த ஊர் பிளாப்பியைப் போடுன்னு அது கேக்கும். போட்டா பைலைத் திறக்கும், தாள் தலைப்பில் ஊர் பேரை எழுதும், பிரிண்ட் எடுக்கும், அடுத்த ஊருக்குப் போகும். பிரிண்ட் பட்டனை மூணு தடவை கையால் தட்டினா முடியுற வேலைக்கு ரெண்டு நாள் உக்காந்து மேக்ரோ எழுதினேன்னு யாராவது சிரிச்சா, சிரிச்சுக்கோங்க. வீட்டுக்காரர் அன்னைக்கே சிரிச்சு முடிச்சிட்டார்.

இடையில் சரஸ்வதி பூஜை வந்தது.

ஆபீஸில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கும்போது வீட்டில் கம்ப்யூட்டரை விட முடியுமா? மானிட்டருக்குத் திருநீறு மூணு பட்டை போட்டேன். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். கடைசியா மூணு பிளாப்பியையும் தாம்பாளத்தில் வரிசையா அடுக்கினேன். அங்கேதான் ஒரு சந்தேகம் வந்தது. பிளாப்பிக்கு நெத்தி எது?

ஒன்னுக்கு ஸ்டிக்கர் மேலே வச்சேன். மூணாவதுக்கும் அப்படித்தான். நடுவில் இருந்த பசுவந்தனை பிளாப்பி தலைகீழா இருந்திருக்கு. மேலே தெரிஞ்சது, உள்ளே இருக்கிற வட்டத்தை மூடி வச்சிருக்கிற சின்ன இரும்புத் தகடு. பளபளன்னு இருக்கு, இதுதான் நெத்தின்னு நல்லா குழைச்சு அப்பினேன். அப்பும்போது தகடு லேசா நகர்ந்தது. பூஜையில் எல்லாம் சரியாத்தான் போகும்னு நானும் நகர்ந்தேன்.

மறுநாள் காலையில் அடுப்பில் பாலை வச்சிட்டு வந்து உக்காந்தேன். பட்டனைத் தட்டினேன்.

இடைசெவல் பிளாப்பி கேட்டது, போட்டேன். தாள் வந்தது. முத்து முத்தா வந்தது. பசுவந்தனை பிளாப்பி கேட்டது, போட்டேன். உள்ளே யாரோ அம்மி கொத்துற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் திரையில் ஒரு பெட்டி வந்தது. ரன் டைம் எரர். ஓப்பன் பண்ண முடியலை.

எண்ட்னு ஒரு பட்டன் இருந்தது, அமுக்கினேன். முதல்லேருந்து ஆரம்பிச்சேன். இடைசெவல் தாள் இன்னொன்னு வந்தது. பசுவந்தனைக்கு மறுபடி அம்மி, மறுபடி பெட்டி. டீபக்னு இன்னொரு பட்டன். அமுக்கினா நான் எழுதின வரிகளில் ஒன்னுக்கு மஞ்சள் பூசிக் காட்டுது. பூஜைக்கு மறுநாள் மஞ்சள் பூசினா நல்லதுதானேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒன்னும் நடக்கலை. இன்னொரு தடவை ஓட்டினேன். இடைசெவல்காரிகள் பேர் போட்ட தாள் மேசையில் குவிஞ்சுக்கிட்டே போகுது. பசுவந்தனைக்காரி ஒருத்தியும் வரக் காணோம்.

பால் பொங்குற வாசம் வேற வருது.

மாத்தி மாத்திப் போடும்போது அந்தப் பிளாப்பியை ஒரு தடவை உத்துப் பார்த்திருக்கலாம். சந்தனம் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் அதைச் செய்யலை. படிச்சவள் இல்லையா, ஹெல்ப்பைத் திறந்து படிச்சேன். அதில் ஒரு வரி கண்ணில் பட்டது. ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். அதாவது, தப்பு ஏதாவது நடந்தா நின்னு ரகளை பண்ணாதே, கண்டுக்காம அடுத்த வரிக்குப் போ.

எவ்வளவு பண்பான வரி. கான்வென்டில் சிஸ்டர்கள் தலையால் தண்ணி குடிச்சு எனக்குச் சொல்லிக் குடுத்ததும் இதைத்தான். பக்கத்தில் ஒருத்தி சூப்பைக் கொட்டினா பார்க்காத மாதிரி இருக்கணும். எனக்கு அது கடைசி வரை வரலை, கொட்டினவளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டாத்தான் எனக்குச் சூப்பு இறங்கும். நமக்கு வராத நல்ல குணம் மெஷினுக்காவது வரட்டும்னு அந்த வரியை மேக்ரோவின் தலையில் டைப் பண்ணினேன்.

பட்டனைத் தட்டினேன். இடைசெவல் வந்தது. பசுவந்தனையைப் போட்டேன். கொஞ்ச நேரம் முனகினது. அப்புறம் ஒரு பெட்டி இல்லை, ஒரு புகார் இல்லை, பசுவந்தனைன்னு தலைப்புப் போட்டு அழகா ஒரு தாள் வந்தது. டவுன் தாளும் வந்தது.

சமையலறைக்கு ஓடுறதுக்கு முன்னாடி பசுவந்தனைத் தாளை ஒரு பார்வை பார்த்தேன். மாரியம்மாள், முத்துலட்சுமி, பேச்சியம்மாள், சண்முகத்தாய். சரியாத்தான் இருந்தது. நம்ம கரிசக்காட்டில் எந்த ஊர் வேனை நிறுத்தி மாரியம்மான்னு கூப்பிட்டாலும் மூணு பேர் எட்டிப் பார்ப்பாங்க. அதுக்கு மேலே நான் படிக்கலை. சீனியம்மாள் பேரைத் தேடவும் இல்லை. மெஷின் பார்த்துக்கும்.

மெஷின் என்ன பண்ணியிருக்குன்னா, பசுவந்தனை பைலைத் திறக்க முடியலை. திறக்க முடியலைன்னு சொல்லவும் கூடாதுன்னு நான் உத்தரவு போட்டாச்சு. அடுத்த வரி, தலைப்பில் பசுவந்தனைன்னு எழுது. எதில் எழுதும்? ஏற்கெனவே திறந்து கிடந்த இடைசெவல் பைலில் எழுதியிருக்கு. அடுத்த வரி, பிரிண்ட் எடு. எடுத்திருக்கு. தலை பசுவந்தனை, உடம்பு இடைசெவல். ரெண்டு வேனும் ஒரே அளவுங்கிறதால் ஆள் கணக்கும் இடிக்கலை.

பாத்திரக்கடை அண்ணாச்சி அந்தத் தாளை வச்சு எல்லாச் சட்டியிலும் பேர் வெட்டி அனுப்பிட்டார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஆபீஸ் முற்றத்தில் வச்சுக் குடுத்தோம். நான் பட்டுச்சேலை கட்டியிருந்தேன். இடைசெவல்காரிகள் முதல்ல. ஒவ்வொருத்தியா வந்து, வெத்தலை பாக்கோட சட்டியை வாங்கி, பேரைத் தடவிப் பார்த்துச் சிரிச்சு, போய் வேனில் உக்காந்தாங்க. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு.

அடுத்தது பசுவந்தனை. சட்டியை எடுத்து மாரியம்மாள்னு வாசிச்சேன். ஒருத்தி வந்தாள். இன்னொரு மாரியம்மாள், அதுக்கும் ஒருத்தி வந்தாள். அப்புறம் கெங்கம்மாள்னு வாசிச்சேன். யாரும் வரலை.

இன்னொரு தடவை கூப்பிட்டேன். அசையக் காணோம். காதில் என்ன பஞ்சான்னு கேட்டேன். அதுக்குள்ளே கிளம்பத் தயாரா நின்ன இடைசெவல் வேனில் இருந்து ஒருத்தி இறங்கி, கையில் ஒரு தூக்குச்சட்டியோட அவசரமா வந்தாள்.

"எனக்கு இன்னொன்னாக்கா?"

கெங்கம்மாள்தான். நீ இப்போ வாங்கிட்டுத்தானே போனேன்னு கேட்டேன். நீங்க கூப்பிட்டியளேன்னாள். ரெண்டு வேனிலேயும் பேரைக் குடுத்து வச்சிருக்கியான்னு அவளை அதட்டினேன். ரெண்டு வேனில் எப்படிக்கா ஒரே நேரத்தில் வர முடியும்னு அவள் கேட்டது நியாயமான கேள்வி. நான் அடுத்த சட்டியை எடுத்து வாசிச்சேன். இடைசெவல் வேனில் இருந்து இன்னொருத்தி இறங்கினாள். அடுத்ததை வாசிச்சேன். இன்னொருத்தி. இப்படி வாசிக்க வாசிக்க வேன் பாதி காலி. இடைசெவல் திரும்பவும் வரிசையில் நிக்குது, பசுவந்தனை கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்குது.

அந்தக் கூட்டத்தை விலக்கிட்டுச் சீனியம்மாள் வந்தாள். மீதிச் சட்டிகளை ஒவ்வொன்னா எடுத்து எங்கிட்டே காட்டினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் படிச்சுச் சொல்லச் சொல்ல ஓரமா வச்சாள். கடைசிச் சட்டியும் முடிஞ்சது.

"எம்பேரு எங்கக்கா?"

கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிருச்சும்மான்னு சொன்னேன்.

"தப்பு வந்தா அது சொல்லாதாக்கா?"

சொல்லிச்சு. ஒன்னுக்கு மூணு தடவை பெட்டி போட்டுச் சொல்லிச்சு. சொல்லாதேன்னு வாயைக் கட்டினது நான். அதை அவகிட்டே சொல்லலை. நாளைக்கு உன் பேரு இருக்கும்னு மட்டும் சொன்னேன். இந்தத் தடவை அவ கையைப் பிடிக்கப் போனேன், அவள் முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டாள்.

சட்டிகளை ஆட்டோவில் ஏத்திக்கிட்டு நானே பாத்திரக்கடைக்குப் போனேன். பேரை அழிச்சுக் குடுங்கன்னேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழட்டினார்.

"வெட்டுனதை அழிக்கக் கூடாதும்மா, சட்டி ஓட்டையாப் போகும். வேணும்னா சேத்து வெட்டலாம்."

எப்படிச் சேர்க்கிறதுன்னு கேட்டேன். கல்யாண வீட்டுப் பாத்திரத்தில் எல்லாம் இன்னார் அன்பளிப்புன்னு வெட்டுறோம் இல்லையா, அதே மாதிரி மேலே சீனியம்மாளுக்குன்னு ஒரு வரி, கீழே கெங்கம்மாள் பேருக்குப் பக்கத்தில் அன்பளிப்புன்னு ஒரு வார்த்தை. பார்க்கவும் லட்சணமா இருக்கும்னார்.

எனக்கு அது பிரமாதமாப் பட்டது. எனக்கு ஒன்னு பிரமாதமாப் பட்டா அன்னைக்கு வீட்டை விட்டு வெளியே வரக் கூடாதுன்னு எனக்கே தெரியணும். தெரியலை. பசுவந்தனை ஆட்களோட பேரை ஞாபகத்தில் இருந்து சொல்லி, அவர் வெட்ட வெட்டப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அதே முற்றம். பட்டுச்சேலை இல்லை. முதல் சட்டியையே சீனியம்மாள் கையில் குடுத்து, கணீர்னு வாசிச்சேன். சீனியம்மாளுக்கு கெங்கம்மாள் அன்பளிப்பு.

சீனியம்மாள் சட்டியைப் பார்த்தாள். எட்டத்தில் நின்ன கெங்கம்மாளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளை எனக்கு எதுக்குக்கா செய்யணும்? நாளைக்கு அவ வீட்டு விசேஷத்துக்கு நாமில்லா திருப்பிச் செய்யணும்."

கான்வென்டில் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, செய்முறை சொல்லிக் குடுக்கலை. ஒரு வீட்டில் இருந்து பாத்திரம் வந்தா, அந்த வீட்டு விசேஷத்துக்கு நாம அதுக்குக் குறையாமல் பாத்திரம் எடுத்துட்டுப் போய் நிக்கணும். பேர் வெட்டி வந்திருந்தா மறந்துட்டேன்னு சொல்லவும் வழியில்லை. நான் பசுவந்தனையில் அநேகமா எல்லாரையும் இடைசெவலோட கோர்த்து விட்டிருக்கேன். ஒரு வார்த்தை முன்னே பின்னே பழகாதவங்க.

அதுக்கு மேலே அங்கே நடந்ததை நான் முழுசாச் சொல்ல வேண்டியதில்லை. பசுவந்தனைக்காரிகள் யாரும் சட்டியைத் தொடலை. இடைசெவல்காரிகளுக்கு முதல்ல குழப்பம், அப்புறம் குஷி. கெங்கம்மாள் நேரா சீனியம்மாள்கிட்டே வந்தாள்.

"தை மாசம் எம்மவளுக்குச் சடங்கு வச்சிருக்கேன் மதினி. எல்லாரும் வந்திரணும்."

மதினி. நேத்து வரைக்கும் அவள் பேரு கூட இவளுக்குத் தெரியாது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வெளியே வந்தார். நான் தமிழிலும் இங்கிலீஷிலும் மாத்தி மாத்தி விளக்கினேன். அவர் ஒரு சட்டியை எடுத்து வாசிச்சார். இன்னொன்னை எடுத்து வாசிச்சார். இப்படி எத்தனை சம்பந்தம் நீ பேசி முடிச்சிருக்கேன்னு கேட்டார். புதுச்சட்டி எடுத்துக் குடுத்திருவோம், வேற வழியில்லைன்னு அவரே சொல்லிட்டு, உள்ளே போகும்போது, ஆபீஸ் பேரு மட்டும் போட்டிருந்தான்னு ஆரம்பிச்சார். நான் பார்த்த பார்வையில் அதை முடிக்கலை.

அன்னைக்குத்தான் பசுவந்தனை பிளாப்பியை எடுத்துத் தகட்டை நகர்த்திப் பார்த்தேன். உள்ளே சந்தனம் காய்ஞ்சு களிமண் மாதிரி இருந்தது. அதில் இருந்து இனி ஒரு எழுத்து கூட வராது. மறுநாள் பசுவந்தனைப் பெண்களை வரிசையா உக்கார வச்சு, பேரைக் கேட்டுக் கேட்டுப் புதுசா டைப் பண்ணினேன். சீனியம்மாள் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்னாள். அவ பேர் திரையில் வந்ததும் விரல் வச்சுக் கூட்டிப் படிச்சு, சரிதான்னு தலையாட்டினதுக்கு அப்புறம்தான் அடுத்த பேருக்குப் போக விட்டாள்.

மேக்ரோவையும் திருத்தினேன். அந்தப் பண்பான வரியைத் தூக்கிட்டு, ஆன் எரர் கோ டுன்னு வேற வரி போட்டேன். பைல் திறக்கலைன்னா எந்த ஊர் பைல்னு பேரைச் சொல்லி அங்கேயே நிக்கணும், பிரிண்ட் எடுக்கவே கூடாது. நின்னதும் ஒரு பெட்டியில் என்ன எழுதிக் காட்டணும்னு நாமே சொல்லலாம். இங்கிலீஷில் எழுதினேன். நில்லு, முட்டாள் பொம்பளையே, பிளாப்பியைப் பார்.

அடுத்த வருஷம் நான் ஊரில் இல்லாத நேரத்தில் வீட்டுக்காரர் அதைத் திறந்திருக்கார். பிளாப்பி போடாமலே பட்டனைத் தட்டியிருக்கார். போன் பண்ணி, உன் கம்ப்யூட்டர் யாரை வையுதுன்னு கேட்டார். எதிரே யார் உக்காந்திருக்காங்களோ அவங்களைத்தான்னு சொன்னேன்.

சட்டி குளறுபடியான அந்தத் தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது புதுச்சட்டி வந்தது. சீனியம்மாள் சட்டியில் சீனியம்மாள் மட்டும்தான். கொழுந்தன் பொண்டாட்டி கேட்டா நீ என்ன சொல்வேன்னு கேட்டேன்.

"நான் எதுக்குக்கா சொல்லணும்? அவ பத்தாங்கிளாஸ் படிச்சிருக்கா. படிச்சுக்கிடட்டும்."

பழைய சட்டிகளை யாரும் வாங்க மாட்டேன்னுட்டாங்க. எல்லாம் எங்க வீட்டு அடுக்களைக்கு வந்து சேர்ந்தது. நல்ல கனமான சட்டி, தூரப் போட மனசு வரலை. துவரம்பருப்பை ஒன்னில் கொட்டினேன், வத்தலை ஒன்னில் கொட்டினேன், இப்படியே எல்லாம் நிறைஞ்சது.

தை பிறந்ததும் கெங்கம்மாள் தாம்பாளத்தில் வெத்தலை பாக்கு, சடங்குப் பத்திரிகையோட எங்க வீட்டுக்கு வந்தாள். சீனியம்மாளுக்குத்தானே நீ வைக்கணும், என்கிட்டே ஏன் வந்தேன்னு கேட்டேன். அவள் என் தோளுக்கு மேலே அடுக்களை அலமாரியைப் பார்த்தாள்.

"சட்டி இப்பம் உங்க வீட்டுலதானக்கா இருக்கு."

போனேன். குறையாமல் செஞ்சேன். போன இடத்தில் பேச்சியம்மாள் அவ வீட்டுக் காதுகுத்துக்குப் பத்திரிகை வச்சாள். அங்கே போனா சண்முகத்தாய் மகளுக்கு வளைகாப்பு.

இத்தனை வருஷம் ஆகியும் ஓயலை, வர்ற வெள்ளிக்கிழமை முத்துலட்சுமி பேத்திக்கு முடியிறக்குறாங்க, சமையலுக்குப் பருப்பு எடுக்கணும், அடுத்து யார் பேர் போட்ட சட்டி கையில் வருமோன்னு அலமாரியைத் திறக்கவே பயமா இருக்கு.